மழை உபதேசியார்

எப்சிபாவை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது அவள் மினி பஸ் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று சோப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். “பொறவாசல்ல சோப்ப வச்சிட்டு வந்துட்டேன், எடுத்து உள்ள வச்சிருங்க, காக்கா தூக்கிட்டுப் போயிரும்” என்றாள். “யம்மா, காக்கா சோப்பத் தூக்கறதுக்குள்ள என் டயத்த பின்னால வாரவன் தூக்கிருவான், ஏறுங்க” என்று கண்டக்டர் சத்தம் போட்டான். சிரித்துக்கொண்டே ஏறினாள். நாற்பத்தோரு வருஷம் என்னோடு இருந்தவள் எனக்குச் சொன்ன கடைசிச் சொல் அதுதான். அவள் தோளில் நீலப் பை, பைக்குள் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் நாலு பாட்டில், வெள்ளைத் துணித் துண்டுகள், தேங்காய் எண்ணெய். புதன்கிழமைதோறும் தெற்கு அளத்துக்குப் போவாள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கண் கழுவி விடுவாள், கால் வெடிப்புக்கு எண்ணெய் போடுவாள், எழுத்துச் சொல்லிக் கொடுப்பாள், கேட்டால் ஜெபிப்பாள். கேட்டால் என்பது அவள் வைத்த சட்டம். கேட்காதவர்களுக்காக வீட்டுக்கு வந்து ஜெபிப்பாள், பெயர் பெயராக. அன்று மத்தியானம் மூன்று மணிக்கு அளத்துக் கொட்டகையில் ஒரு பெண்ணின் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தவள் “கொஞ்சம் இரு” என்று சொல்லி உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் சண்முகக்கனி. இப்போது எனக்கு மூன்று கை தூரத்தில், தெற்கு வாசல் பக்கம் ஓலைப்பாயில் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணை மூடியிருக்கிறாளா திறந்திருக்கிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. உப்பு வெளிச்சத்தில் நாற்பது வருஷம் சுருக்கிய கண், மூடினாலும் திறந்தாலும் ஒன்றுபோல இருக்கும்.

இது ஏன் இப்போது ஞாபகத்துக்கு வருகிறது. நான் கோயிலில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை, மணி பதினொன்றரை, புரட்டாசி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் போட்டிருக்கிறது. மழைக்காக உபவாச ஜெபம். ஐந்து பேர் ஜெபிக்க வேண்டும், ஐயர் தாளில் எழுதி வாசித்துவிட்டார். எங்கள் பக்கம் சபை குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். இவர் புதிதாக வந்தவர், முப்பது வயது ஆகியிருக்காது, அங்கி முதுகோடு ஒட்டியிருக்கிறது. முதலாவது பாவ அறிக்கை, இரண்டாவது ஆடு மாடுகளுக்காக, மூன்றாவது குடிதண்ணீருக்காக, நான்காவது நாட்டை ஆளுகிறவர்களுக்காக, ஐந்தாவது மழைக்காக. மழைக்காக ஓய்வு பெற்ற உபதேசியார் அருமைநாயகம் அவர்கள். அது நான். உபதேசியார் என்றால் ஐயர் இல்லாத நாளில் ஐயர், மணி அடிக்கிறவர் வராத நாளில் மணி அடிக்கிறவர். போன வாரம் தங்கையா, இந்தப் புது ஐயரையும் கூட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்தார். கோயில் கமிட்டியில் இருக்கிறார், கரிசக்காட்டில் எட்டு ஏக்கர், இரண்டு வருஷமாக விதைக்கவில்லை. “என்ன உபதேசியாரே, அன்னைக்கு நீரு கேட்டு வந்த மழய ஊரு மறந்திரும்னு நெனச்சீரா? சித்திரை மாசத்துல, அதும் மூணே நாள்ல! ஒம்ம வாய்க்கு ஒரு ராசி இருக்குவே” என்றார். ராசி என்ற சொல்லுக்கு ஐயர் முகம் சுளித்தார். சுளித்துவிட்டு, “நீங்கதான் ஜெபிக்கணும் ஐயா” என்று அவரும் சொன்னார். முடியாது என்று நான் சொல்லவில்லை. முடியாது என்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் முப்பத்தாறு வருஷத்தையும் சொல்ல வேண்டும். பாவ அறிக்கை முடிந்தது. ஆமென். கோயில் முழுக்க ஆமென். இந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும், எப்போதும் பிடிக்கும், மாட்டு வண்டியின் பாரம் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். ஆனால் ஒரு ஆமென்னுக்கும் அடுத்த ஆமென்னுக்கும் நடுவில் நான் எப்போதும் அளத்து ஜனங்கள் உட்காருகிற அந்த ஓலைப்பாயைத்தான் கேட்கிறேன்.

அப்போது எனக்கு முப்பது வயது. எங்கள் ஊர் கரிசல் பூமி. பிறந்ததிலிருந்து மழை என்றால் நல்லது, வெயில் என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டியது. இதற்கு மாறாக நினைக்கிற மனிதன் ஒருவன் உலகத்தில் இருப்பான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஜெபத்தை எங்கே ஆரம்பித்தாலும் மழையில் கொண்டுவந்து முடிப்பேன். கல்யாண வீட்டிலும் முடிப்பேன், சாவு வீட்டிலும் முடிப்பேன், பந்தல் போட்டிருக்கிற வீட்டில்கூட முடித்திருக்கிறேன். ஊரிலிருந்து ஏழு மைல் கிழக்கே கடலோரம் தெற்கு அளம். அங்கே ஒரு ஜெபக்கூட்டம் ஆரம்பிக்க வேண்டும் என்று அப்போதிருந்த ஐயர் என்னை அனுப்பினார். அதற்கு முன்பே எப்சிபா ஆறு மாதம் போய் வந்துகொண்டிருந்தாள், கண் கழுவ. கண் கழுவின தண்ணீர் காய்வதற்குள் நான் வேதத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன் என்று பிற்பாடு சொன்னாள். கிடுகு வேய்ந்த கொட்டகை. காலை வேலை முடிந்து வந்து இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணினேன், எனக்கு எண்ணுகிற பழக்கம் உண்டு. எல்லாருடைய காலும் கணுக்கால் வரைக்கும் வெள்ளையாக இருந்தது. வெளியே பார்த்தால் கண்ணைக் குத்துகிற வெள்ளை, பாத்தி பாத்தியாக, ஒரு புல் இல்லை, ஒரு நிழல் இல்லை. எனக்கு மனம் இளகிவிட்டது. இந்த வெயிலில் இந்த ஜனங்கள் இப்படி வேகிறார்களே என்று கண்ணீரோடு மழையைக் கேட்டேன். ஆண்டவரே வானத்தைத் திறந்துவிடும், இந்த நிலம் நனைந்து, நிறைந்து, வழியட்டும் என்று கேட்டேன். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் ஆமென்னுக்காக நிறுத்தினேன். வரவில்லை. புது ஜனங்கள், பழகவில்லை என்று நினைத்தேன். எப்சிபா என் முழங்கையைக் கிள்ளினாள். இன்னும் உருக்கமாகக் கேட்கச் சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் உருக்கமாகக் கேட்டேன். முடித்துக் கண்ணைத் திறந்தால் இருபத்திரண்டு பேரும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் இடுப்பில் பிள்ளையோடு இருந்த ஒருத்தி, அவள்தான் சண்முகக்கனி, அப்போது இருபது வயதிருக்கும், “உபதேசியாரய்யா, ஒங்க சாமிட்ட வேற எதையாச்சும் கேளுங்க. மழ மட்டும் வேண்டாம்” என்றாள். சிலர் சிரித்தார்கள். “ஏன்?” என்று கேட்டேன். ஏன் என்று கேட்டேனே, அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. “மழ பெய்ஞ்சா உப்பு கரைஞ்சிரும்லா ஐயா” என்றாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

மூன்றாம் நாள் மத்தியானம் பெய்தது. சித்திரை மாதத்தில், உப்பு முற்றி வாருகிற நேரத்தில், ஒன்றரை மணி நேரம். நான் எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். முதல் துளி மண்ணில் விழுந்த வாசனைக்கு என் உடம்பு சந்தோஷப்பட்டது. உடம்பு பழகிய சந்தோஷம், அதைத் தடுக்க முடியவில்லை. சந்தோஷப்பட்டுக்கொண்டே கிழக்கே, அளத்துப் பக்கம் பார்த்தேன். எப்சிபா உள்ளேயிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள், கையை வெளியே நீட்டி மழையை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தாள். மறுநாள் நான் சைக்கிளில் அளத்துக்குப் போனேன். பாத்தி எல்லாம் சேற்றுத் தண்ணீர். கரையில் நின்ற ஒருவன், “ஏ, இந்த ஐயாவ அளத்துப் பக்கம் விடாதிங்கப்பா, வாயத் தொறந்தா மேகம் கூடுது” என்றான். சண்முகக்கனி சிரிக்கவில்லை. “நல்லாத்தான் கேட்டிய. ஒங்க சாமிக்குக் காது நல்லாத்தான் கேக்கு” என்றாள். மழை உபதேசியார் என்ற பெயர் அன்று வந்தது. அங்கே அது ஏச்சு. ஏழு மைல் மேற்கே எங்கள் ஊரில் அதே பெயர் கழுத்துக்கு மாலை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் விசேஷ ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள், உபதேசியார் ஜெபத்துக்குப் பதில் கிடைத்ததற்காக. என்னை முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கோடை உழவுக்கு ஈரம் கிடைத்த சந்தோஷம் எல்லார் முகத்திலும். ஆண்டவர் நம் நடுவில் இப்படி ஒரு ஊழியக்காரரைத் தந்தாரே என்று ஐயர் சொன்னார். நான் ஆமென் சொன்னேன். எனக்காகச் சொன்ன ஸ்தோத்திரத்துக்கு நானே ஆமென் சொன்னேன், வாய் தானாகச் சொல்லிவிட்டது. எப்சிபா உட்காரும் பெஞ்சைப் பார்த்தேன். அவள் இல்லை. மகள் பியூலாவும் இல்லை, அவளுக்கு அப்போது ஆறு வயது. வீட்டுக்குப் போனேன், வீடு பூட்டியிருந்தது. சாவி எதிர்வீட்டில். “காலைலயே புள்ளயக் கூட்டிட்டு அளத்துக்குப் போயிட்டாங்களே, ஒங்கள்ட்ட சொல்லலியா?” என்றார்கள்.

இரண்டாவது ஜெபம் நடக்கிறது. ஆடு மாடுகளைப் பற்றி. ஆடுகளின் எண்ணிக்கையைக்கூட ஜெபிக்கிறவர் ஆண்டவருக்குச் சொல்கிறார். சொல்லட்டும். பாயில் யாரோ இருமுகிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எப்சிபா திரும்பி வந்தபோது முழங்கால் வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. பியூலா தூங்கிக்கொண்டு அவள் தோளில். என்ன செய்துவிட்டு வருகிறாய் என்றேன். “பாத்தி மிதிச்சிட்டு வாரேன்” என்றாள். மழை பெய்தால் பாத்தியின் தரை இளகிவிடும். தண்ணீரை வடித்துவிட்டுக் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும், இறுகினால்தான் மறுபடி உப்புத்தண்ணீர் பாய்ச்ச முடியும். அதுவரைக்கும் அவர்களுக்கு வேலை கிடையாது, மிதிக்கிறதும் அவர்கள் தலையில். நான் சொன்னேன், எப்சிபா, அந்த மழை என்னால் வந்தது என்று நீயும் நம்புகிறாயா. அவள் பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, கேலியும் இல்லை. “நீங்க கேட்டதாலதான் பெய்ஞ்சுதுன்னா வந்து மிதிங்க. நீங்க கேட்டதால இல்லன்னாலும் வந்து மிதிங்க” என்றாள். பதினோரு நாள் மிதித்தோம். காலை ஐந்தரை பஸ், பத்தரை வரைக்கும் மிதிப்பு. அவர்கள் வரிசையாக நின்று ஒரே தாளத்தில் மிதிப்பார்கள். எனக்குத் தாளம் வரவில்லை, என்னால் வரிசை கோணிக்கொண்டே போயிற்று. “மழ உபதேசியார ஓரமா விடுங்கடி, மிதிக்காரா கோலம் போடுதாரான்னு தெரியல” என்று பெண்கள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் என் குதிகால் வெடித்து உப்பு உள்ளே போயிற்று. அந்த வலியை எனக்குச் சொல்லத் தெரியாது. அவர்கள் அதோடு பிறந்தவர்கள்போல நின்றார்கள். எப்சிபா நடுவரிசையில். அவள் அங்கேயும் சும்மா இருக்கவில்லை. மிதித்துக்கொண்டே பெருவிரலால் ஈரக் களிமண்ணில் ஒரு எழுத்து எழுதுவாள், பக்கத்தில் இருப்பவள் அதை வாய்விட்டுச் சொல்வாள், அடுத்த மிதியில் அது அழிந்துவிடும், அடுத்த எழுத்து. சண்முகக்கனி தன் பெயரை முழுக்க எழுதியது ஒன்பதாம் நாள், காலால். எழுதியதை மிதிக்க மனம் வராமல் சுற்றிப்போனாள். கங்காணி வந்து “என்னளா இந்த ஒரு எடம் மட்டும் மேடா நிக்கி?” என்று ஏசினான். பதினோரு நாளில் எப்சிபா ஆண்டவர் பெயரைச் சொல்லி நான் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் சண்முகக்கனிதான், “யக்கா, ஒங்க கொட்டகைல எப்பக் கூட்டம்?” என்று கேட்டாள்.

இதை ஊர் அறியும். ஊர் அறியாதது அதற்குப் பிறகு. அந்த மழைக்குப் பிறகு நான் என் சொந்தச் சொல்லில் எதையும் கேட்டதில்லை. ஆராதனையில் அச்சிட்ட ஜெபங்களை வாசித்தேன். என் குரல் நல்ல குரல் என்பார்கள், வாசிக்கிறது தெரியாது. வீடு சந்திக்கப் போனால் பொதுவாக நாலு வாக்கியம் மனப்பாடம். பிள்ளை இல்லாதவர்கள் பிள்ளை வேண்டும் என்று ஜெபிக்கச் சொல்வார்கள். நான் உம்முடைய சித்தம் என்பேன். நோயாளி சுகம் வேண்டும் என்பான், நான் உம்முடைய சித்தம் என்பேன். பக்தி என்று நினைத்தார்கள். பயம். கேட்டால் கிடைத்துவிடுமோ என்கிற பயம். கேட்டது கிடைக்காதவர்களின் துக்கத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கேட்டது கிடைத்து, அது யாருடைய வயிற்றிலோ அடித்ததைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்யவில்லை. ஆறு ஐயர்மார் மாறினார்கள், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. எப்சிபா முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். ஒரு சொல் கேட்கவில்லை. வீட்டில் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தவுடன் “இன்னைக்கு நான் ஜெபிக்கேன்” என்பாள். ஒவ்வொரு நாளும் அப்படித்தான் சொல்வாள், ஏதோ அன்றைக்கு மட்டும் அவளுக்கு ஆசை வந்ததுபோல. அவள் போகிற வரைக்கும், முப்பத்துநாலு வருஷம், இன்னைக்கு நான் ஜெபிக்கேன். பியூலா வளர்ந்து டீச்சராகிக் கல்யாணமாகிப் போனாள், அவளுக்கும் தெரியாது அப்பா ஜெபிக்க முடியாதவர் என்று. அம்மாவுக்கு ஜெபிப்பதில் ஆசை என்றுதான் நினைத்தாள். எப்சிபா வீடு சந்திப்புக்கும் கூட வருவாள். நான் உம்முடைய சித்தம் என்று முடித்தவுடன், “ஒரு நிமிசம்” என்று அவள் தொடருவாள். காய்ச்சல் என்றால் காய்ச்சல் இறங்கட்டும் என்பாள், மருமகன் கோபம் என்றால் அவன் பெயரைச் சொல்லி அவனுக்குப் புத்தி வரட்டும் என்பாள். கூசாமல் கேட்பாள். கிடைக்காவிட்டால் மறுவாரம் மறுபடி கேட்பாள். அளத்தில் கேட்டால் என்ன கேட்பாள் தெரியுமா, இந்த வாரம் காற்று நன்றாக அடிக்கட்டும் என்பாள், காற்று அடித்தால் உப்பு சீக்கிரம் விளையும். ஊருக்கு வந்து மழை வரட்டும் என்பாள். எப்படி இரண்டையும் கேட்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். “ரெண்டு பேரும் நம்ம சனந்தான, யார்ட்டப் போயி நீ கேக்காதன்னு சொல்ல?” என்றாள். எனக்கு அது பதிலாகப் படவில்லை. இப்போதும் படவில்லை. ஆனால் அப்படிக் கேட்க அவளுக்கு முடிந்தது.

மூன்றாவது முடிந்தது, குடிதண்ணீர். நான்காவது ஆள் எழுந்து தொண்டையைச் செருமுகிறார். அடுத்தது நான். பியூலா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து பாய்க்கு அருகில் தூணோரம் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா போன பிறகு புதன்கிழமைப் பையை அவள் எடுத்துக்கொண்டாள், பள்ளிக்கூடம் விட்டு நாலு மணி பஸ்ஸில் போகிறாள். காலையில் வந்து சொன்னாள், “அப்பா, அளத்துல இருந்தும் வாராங்க, பாத்து ஜெபிங்க.” என்ன பார்த்து என்றேன். “மழ வந்தா அவங்களுக்கு இந்த வருச வேல முடிஞ்சிது. தையிலதான் திரும்ப. இப்ப வாரவேண்டிய உப்பு இன்னும் பதினாலு பாத்தியில கெடக்கு. வராட்டி தங்கையா மாமா வீட்டுல இந்த வருசமும் வெதைக்க மாட்டாங்க, அவங்க மகன் இப்பவே திருப்பூருக்குப் பொட்டி கட்டியாச்சி. நீங்க என்ன சொன்னாலும் பாதிக் கோயில் ஆமென் சொல்லாது.” சொல்லிவிட்டு என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், தாயைப்போல. பிறகு ஏன் அவர்களைக் கூட்டிவருகிறாய் என்றேன். “நான் எங்க கூட்டியாரேன்? கூட்டம்னு கேள்விப்பட்டு அவங்களா வாராங்க” என்றாள். வாசலில் தங்கையா சண்முகக்கனியைப் பார்த்து, “என்ன தாயி, ஒங்க ஆட்கள் மழைக்கு வந்திருக்கீங்களா, இல்ல மழய வெரட்டவா?” என்று கேட்டார். “கஞ்சி ஊத்துவீயள்லா அண்ணாச்சி, அதுக்கு வந்தோம்” என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் இந்தச் சிரிப்பு இந்த வாசலில் கிடையாது. கூட்டம் நடந்த பழைய கொட்டகை புயலில் விழுந்த வருஷம் அவர்களை இங்கே அழைத்துவந்து பாய் விரித்தவள் எப்சிபா. பெஞ்சில் உட்காரச் சொன்னாள், அவர்கள்தான் காலை மடக்கி உட்கார்ந்தால்தான் வலி தெரியாது என்றார்கள். அவள் அன்றிலிருந்து தன் பெஞ்சை விட்டுப் பாய்க்கு மாறினாள். இன்றைக்கு நான் மழை என்று ஒரு சொல் சொன்னால் அந்தப் பாய் காலியாகுமோ. சொல்லாமல் விட்டால் தங்கையாவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன். உம்முடைய சித்தம் என்று முடித்துவிடலாம். எல்லாரும் ஆமென் சொல்வார்கள். ஒரு நிமிஷம் என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.

ஆமென். நான்காவது முடிந்துவிட்டது. ஐயர் என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார். எழுந்திருக்கிறேன், முன்பெஞ்சைப் பிடித்துக்கொள்கிறேன். எல்லாக் கண்ணும் மூடுகிறது. ஆண்டவரே என்கிறேன். குரல் நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த சொல் வரவில்லை. ஆண்டவரே என்று மறுபடி சொல்கிறேன். மனப்பாட வாக்கியம் நாலும் வரிசையாக வந்து உதட்டுக்கு உள்ளே நிற்கின்றன, ஒன்றையும் வெளியே விட எனக்கு இஷ்டமில்லை. அவள் இருந்திருந்தால் இரண்டையும் கேட்டிருப்பாள், காற்றையும் மழையையும், கூசாமல். நான் அவள் இல்லை. தலைக்கு மேல் விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை டக் என்கிறது. ஒன்பது டக் எண்ணிவிட்டேன். யாரோ கண்ணைத் திறந்து பார்க்கிறார்கள் என்பது கழுத்தில் தெரிகிறது. பத்து. “ஆண்டவரே, எனக்குக் கேட்கத் தெரியவில்லை” என்கிறேன். சொன்ன பிறகுதான் அதைச் சத்தமாகச் சொல்லியிருப்பது தெரிகிறது. “அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் கேட்டேன். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.” தங்கையா இருமலைப் பாதியில் நிறுத்துகிறார். தூணோரம் பியூலாவின் வளையல் சத்தம். முப்பத்தாறு வருஷத்தை இரண்டு மூச்சில் சொல்லிவிட்டேன், இனி உட்காரலாம். அப்போது பாயிலிருந்து, “ஐயா, நான் கேக்கட்டா?” என்கிறது ஒரு குரல். சண்முகக்கனி. முப்பத்தாறு வருஷமாக வருகிறாள், இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, கோயில் புத்தகம் எதிலும் அவள் பெயர் கிடையாது, கோயிலில் வாய்திறந்து ஜெபித்ததும் கிடையாது. ஐயர் ஒரு கண்ணைத் திறக்கிறார். நான் ஐயரைக் கேட்கவில்லை. “கேளு தாயி” என்கிறேன்.

அவள் எழுந்து நிற்கிறாள். கையைக் கூப்பவில்லை, முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்கிறாள், கங்காணியிடம் பேசப் போகிறவள்போல. “சாமி, நான் சண்முகக்கனி, தெக்கு அளம். ஒனக்கு என்னயத் தெரியும், எப்சிபாக்கா சொல்லிருப்பாவ. எங்களுக்கு ஒரு பத்து நாள் பொறு. பத்து நாள் காஞ்சிதுன்னா இருக்கத வாரி அம்பாரம் போட்டு ஓலயப் போட்டு மூடிருவோம். பொறவு பெய்யி. நல்லாப் பெய்யி. இவங்க ரெண்டு வருசமா வெதைக்கல. தங்கையா அண்ணாச்சி வீட்டுல வெதய மூட்டையோட வச்சிப் பாத்துக்கிட்டு இருக்காவ, அந்த அண்ணி மொகத்தப் பாக்க முடியல. மழ பெய்ஞ்சா எங்களுக்கு மூணு மாசம் வேல கெடையாது, அது ஒனக்கே தெரியும். அப்ப இவங்க காட்டுல களயெடுக்க எங்களக் கூப்புடச் சொல்லு. வருவோம். இந்த ஐயாவ ஏசாத. மழைக்கு அவரு என்ன செய்வாரு. அவ்வளவுதான்.” உட்காருகிறாள். முடித்ததற்கு அடையாளமாக ஒன்றும் சொல்லவில்லை, முடிந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. விசிறி டக் என்கிறது. பாயில் எல்லாரும் தலை குனிந்திருக்கிறார்கள். பிறகு தங்கையாவின் குரல், அடித்தொண்டையில், யாரிடமோ பேரம் பேசி இறங்கி வந்தவர்போல, “பத்து நாளா... சரி. ஆமென்” என்கிறது. சிரிப்பு ஒன்று பெஞ்சுகளில் ஓடுகிறது, ஓடி முடிவதற்குள் அது ஆமென்னாக ஆகிவிடுகிறது, பெஞ்சும் பாயும், எது எங்கிருந்து வருகிறது என்று என்னால் பிரித்துக் கேட்க முடியவில்லை. நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன். ஐந்தாவது ஜெபம் என் பெயரில் எழுதியிருக்கிறது, முடிக்க வேண்டும். “ஆண்டவரே, இவள் கேட்டதைக் கொடும்” என்கிறேன். என் சொல். அச்சில் இல்லாதது. பயம் போகவில்லை, கை இன்னும் பெஞ்சைப் பிடித்துத்தான் இருக்கிறது, ஆனால் கேட்டுவிட்டேன், பத்து நாள் என்று தேதியோடு.

கஞ்சி ஊற்றினார்கள். பியூலா என் பக்கத்தில் வந்து நின்று என் தட்டில் துவையலை வைத்தாள். “அம்மா ஏன் தினமும் அவங்களே ஜெபிச்சாங்கன்னு இப்பத்தான் தெரியிது” என்றாள். நான் ஆமாம் என்றேன். “ஒரு தடவகூட மூச்சு விடலியே” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, துவையல் காரம் என்றாள். ஐயர் வந்தார், அந்த அம்மா பெயர் என்ன, ஏன் ஞானஸ்நானம் எடுக்கவில்லை என்று கேட்டார். அவளிடமே கேளுங்கள் என்றேன். கேட்கப் போனார். அங்கே தங்கையா சண்முகக்கனியை மறித்துக்கொண்டு நின்றார். “ஏம்மா, பத்து நாளுன்னா பத்து நாளுதான. பதினொண்ணாவது நாள் எனக்கு மழ வரணும்” என்றார். “அத மேல கேளுங்க அண்ணாச்சி. நாங்க எங்க பங்குக்கு வேகமா வாருவோம்” என்றாள் அவள். கூட இருந்த பெண்கள் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்கள், ஒன்றரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது நாலு மணிக்குத்தான். “முடிஞ்சிருமா சண்முகக்கா?” என்று பியூலா வாசலில் இருந்து கேட்டாள். “எல்லாரும் நின்னா ஒரு நாளைக்கு ஒண்ணர பாத்தி வாரலாம், இப்ப ரெண்டு பேரு காய்ச்சல்ல படுத்துட்டாளுவ. இருக்கவுக வாரணும்” என்று திரும்பாமலே சொன்னாள். நான் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தேன். மேகம் இல்லை. தெற்கு அளத்தில் வாராத பாத்திகள் இன்னும் பதினாலு இருக்கின்றன.